பனியனுக்கு மேலே கம்பளி

கன்னியம்மாளின் புருஷன் துலுக்கானத்திடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். குழம்பு எப்படி என்றால், "நல்லாத்தான் கீது." புதுச் செருப்பு கடிக்கிறதா என்றால், "நல்லாத்தான் கீது." இரண்டு மழைக்காலமாக ஒழுகும் கூரையைக் கேட்டாலும் அதே பதில். பதினாறு வருஷமாக இந்தப் பதிலோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள். அப்படிப்பட்ட மனுஷனை நம்பி 1988 ஆகஸ்டில் மூன்று தினுசுக் கம்பளியைச் சோதிக்க வேண்டி வந்தது என்றால் அவள் தலையெழுத்தை என்னவென்று சொல்வது?

சோதனை பொழுதுபோக்குக்கு இல்லை. தம்பி வேம்புலியின் நெஞ்சு சம்பந்தப்பட்டது. அவன் பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவன். லடாக்குக்கு மாற்றிப் போட்ட பிறகு இரண்டு குளிர்காலத்தில் இரண்டு முறை நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுத்தான். மூன்றாவது முறை வந்தால் தாங்காது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டாராம். அதை அவன் கடிதத்தில் ஏதோ சினிமாவுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்பதுபோல ஒரு வரியில் எழுதியிருந்தான். கூடவே இதையும் எழுதியிருந்தான்: "அக்கா, நீ அனுப்புன ஸ்வெட்டர் சூடே தர்ல. காலீல சாமான் ஏத்தி வேர்த்துப் போச்சின்னா, அப்புறம் வண்டில குந்தும்போது நெஞ்சுமேல ஈரத்துணி ஒட்டிக்கினு உயிர் போவுது."

அந்த ஸ்வெட்டர் அவள் கையால் பின்னியது. திருமுல்லைவாயிலில் வேர்வை வழிய, மடியில் அந்த நூல் மூட்டையை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் பின்னினாள். சூடு தரவில்லையாம்! ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

முதலில் நூல் விற்றவன்மேல் போனது. ஆவடி மார்க்கெட்டில் கடை வைத்திருந்த சண்முகசுந்தரம், கேட்டவர்களுக்கெல்லாம் "அசல் ஆட்டு ரோமம்மா, நம்பி எடுத்துக்கோங்க" என்று சொல்லி விற்பவர். அவள் மிச்சம் இருந்த நூலை எடுத்துக்கொண்டு போய் அவர் கடை வாசலிலேயே தீக்குச்சியைக் கிழித்தாள். நூல் பிளாஸ்டிக் வாளி எரிவதுபோல நாறி, உருகி, கறுப்பு மணியாகக் கெட்டித்துப்போனது. தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி அதையும் எரித்தாள்.

"ரோமம்னா இப்பிடி நாறணும். இது இன்னா ஆடுயா? பிளாஸ்டிக் ஆடா?"

சண்முகசுந்தரம் அசரவில்லை. "நம்மூர் வெயிலுக்கு இது போதும்மா" என்றார்.

"நம்மூர் வெயிலுக்கு எதுக்குயா ஸ்வெட்டர்?" என்று கேட்டுவிட்டு அவள் நடையைக் கட்டினாள். வாய்ச்சண்டையில் ஜெயித்து என்ன பிரயோஜனம், தம்பி அங்கே இருமிக்கொண்டிருக்கிறான்.

கன்னியம்மாள் ஆவடியில் ஒரு குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்தாள். அந்த வீட்டுப் பஞ்சாபிக்காரம்மா டிவி பார்த்துக்கொண்டே ஊசியால் ஸ்வெட்டர் பின்னுவதைப் பார்த்துத்தான் அவளுக்கும் பின்னல் பிடிபட்டது. அந்தம்மா லீவுக்கு ஊருக்குப் போய் வரும்போது அவளுக்காக மூன்று தினுசில் நூல் வாங்கி வந்தாள். ஒன்று மலையாட்டு ரோமம், பழுப்பு நிறம், கயிறு மாதிரி முரடு. இன்னொன்று மெரினோ என்று வெளிநாட்டுச் செம்மறியாட்டு ரோமம், கன்னத்தில் வைத்தால் பூனைக்குட்டி. மூன்றாவது முயல் முடி. அதைத் தொட்டால் தொட்டதே தெரியவில்லை, ஆனால் கையெல்லாம் முடி ஒட்டியது.

எது நல்லது என்று அந்தம்மாவைக் கேட்டால், "மூணும் நல்லது" என்றாள். அங்கேயும் ஒரு துலுக்கானம்.

தெருவில் கேட்டாள். அதுதான் அவள் செய்த பெரிய முட்டாள்தனம். பக்கத்து வீட்டு லோகநாயகி முயல் முடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுதாண்டி, தொட்டாலே வேர்க்குது" என்றாள். ஆகஸ்ட் மாதம் மத்தியானம் அங்கே எதைத் தொட்டால் வேர்க்காது? அம்மிக்கல்லைத் தொட்டாலும் வேர்க்கும். பிறந்ததிலிருந்து மார்கழிப் பனியைத் தவிர வேறு குளிர் பார்க்காத ஜனம் குளிருக்கு யோசனை சொல்கிறது. கன்னியம்மாள் கும்பிடு போட்டுவிட்டு நூலை உள்ளே எடுத்து வைத்தாள்.

குளிர் என்று ஒன்று அவளுக்குத் தெரிந்த வட்டாரத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. அம்பத்தூரில் துலுக்கானம் வேலை பார்த்த ஐஸ் கம்பெனி. அங்கே கட்டிகளை அடுக்கி வைக்கும் அறைக்குள் போனால் மூக்கு விறைத்துப் போகும். உள்ளே கட்டி தூக்கினால் வேர்க்கும், நின்றால் நடுங்கும். தம்பி எழுதிய அதே கதை.

மூன்று நூலிலும் கையில்லாத உள்சட்டை ஒவ்வொன்று பின்னினாள். "ஒரு வாரத்துக்கு ஒண்ணுன்னு போட்டுக்கினு போ. எது சூடு தருது, எது அரிக்குதுன்னு பார்த்து ஒழுங்கா வந்து சொல்லு" என்றாள் புருஷனிடம்.

முதல் வாரம் மலையாட்டு ரோமம். "எப்பிடிய்யா?"

"நல்லாத்தான் கீது."

"அரிக்குதா?"

"இல்லமே."

"சூடா கீதா?"

"சுமார்தான். உள்ளாற சில்லுனுதான் கீது."

இரண்டாவது வாரம் முயல் முடி. நல்லாத்தான் கீது, அரிக்கவில்லை, உள்ளே சில்லென்றுதான் இருக்கிறது. மூன்றாவது வாரம் மெரினோ. ஒரு எழுத்து மாறாமல் அதே பதில்.

கன்னியம்மாளுக்குத் தலை சுற்றியது. முரட்டு ரோமம் உள்ளங்கையையே சொறிய வைக்கிறது, இந்த ஆளுக்கு மட்டும் எப்படி அரிக்கவில்லை? இது என்ன மனுஷத் தோலா, எருமைத் தோலா? ஐப்பசி போனால் மலைப்பாதையைப் பனி மூடிவிடும், அப்புறம் பார்சல் போய்ச் சேருவது சாமி விட்ட வழி என்று தம்பி எழுதியிருந்தான். நாள் ஓடிக்கொண்டிருந்தது. இவனோ சில்லுனு கீது, சில்லுனு கீது என்கிறான்.

மறுநாள் மத்தியானம் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவளே கம்பெனிக்குப் போனாள். துலுக்கானம் குளிர் அறையிலிருந்து பல் கிடுகிடுக்க வெளியே வந்தான். வெயிலில் நின்று மேல்சட்டையையும் கம்பளிச் சட்டையையும் கழற்றினான். அதற்குள்ளே, நெஞ்சோடும் முதுகோடும் ஒட்டிக்கொண்டு, பிழிந்தால் சொட்டும் ஈரத்தில், கை வைத்த வெள்ளைப் பனியன்.

"இன்னாயா இது?"

"இன்னா?"

"உள்ள பனியன் போட்டுகினுகீற!"

"பின்ன? பனியன் இல்லாம எவனாவது சட்டை போடுவானா? கம்பளி அழுக்காப் பூடும்ல?"

கன்னியம்மாள் சோற்றுத் தூக்கைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். "மூணு வாரம்! மூணு வாரமா பனியனத்தான் டெஸ்ட் பண்ணினியாயா நீ? கம்பளி ஒடம்புல பட்டாதான அரிக்கும்! அந்தப் பருத்தித் துணி வேர்வையக் குடிச்சிட்டு ஐசு மாதிரி நெஞ்சுல ஒட்டிக்கினுகீது, அதுக்கு மேல எந்த ஆட்டு முடியப் போர்த்துனா இன்னா? கழட்டு! கழட்டுய்யா அத!"

"எல்லாரும் பாக்கறாங்கமே..."

"பாக்கட்டும். கழட்டு."

கம்பெனி மொத்தமும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. துலுக்கானம் கூச்சத்தோடு பனியனைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். கல்யாணமான நாளிலிருந்து குளிக்கும்போது தவிர அவன் உடம்பைவிட்டு இறங்காத வஸ்து அது.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் அவளே கம்பெனி வாசலில் போய் நின்றாள். மூன்றே நாளில் எல்லாம் தெளிந்தது. மலையாட்டு ரோமம் போட்ட அன்றைக்கு அரை மணி நேரத்தில் சொறிந்துகொண்டே ஓடி வந்தான். சூடெல்லாம் இருக்கிறது, ஆனால் எறும்புப் புற்றில் உட்கார்ந்த மாதிரி என்றான். முயல் முடி போட்ட அன்றைக்குத் தும்மல் ஓயவில்லை. மீசையில், டீயில், சோற்றில் எல்லாம் முடி. மெரினோ போட்ட அன்றைக்குச் சொறியவும் இல்லை, தும்மவும் இல்லை. கட்டி தூக்கினான், நின்றான், மறுபடி தூக்கினான். வெளியே வந்து அதோடேயே நின்று டீ குடித்தான். சட்டையைக் கழற்ற மறந்துபோயிருந்தான். அவள் அவன் முதுகுப் பக்கம் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தாள். தோல் காய்ந்து, வெதுவெதுவென்று இருந்தது.

"நல்லாத்தான் கீது" என்றான் துலுக்கானம். பதினாறு வருஷத்தில் முதல்முறையாக அந்தப் பதிலை அவள் நம்பினாள்.

மெரினோவில் கழுத்து மூடி, முழுக்கை வைத்து இரண்டு உள்சட்டை பின்னி முடித்தாள். பார்சல் கட்டும் நாளில் துலுக்கானம் எல்லாவற்றையும் எடுத்துத் துணிப்பைக்குள் அடுக்கினான். முறுக்கு, ஊறுகாய், திருநீறு, உள்சட்டை. கடைசியாக, வருஷா வருஷம் போல அவள் வாங்கி வைத்திருந்த ஆறு வெள்ளைப் பனியன்களை எடுத்தான்.

கன்னியம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஐந்து வருஷமாக ஆறு ஆறு பனியன் அனுப்பியது யார்? செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் அம்மா நடவுக்குப் போனபோது, இருமல்காரக் குழந்தையாக இருந்த வேம்புலியைப் பிடித்து வைத்து, "பனியன் இல்லாம வெளிய போன, கால உடைப்பேன்" என்று மிரட்டி வளர்த்தது யார்? சிப்பாய்க்குச் சர்க்கார் கம்பளி தருகிறது, அக்கா கம்பளி தருகிறாள், அதையெல்லாம் அவன் அக்கா சொன்ன பனியனுக்கு மேலேதான் போட்டிருப்பான். லாரி ஓட்டும் ஆம்பளை, மீசை வைத்த ஆம்பளை, அக்கா சொல்லைத் தட்டாமல் ஈரத்தை நெஞ்சில் கட்டிக்கொண்டு இரண்டு முறை சாவுக்குப் பக்கத்தில் போய் வந்திருக்கிறான். ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் திட்டினோமே, சண்முகசுந்தரத்தை, லோகநாயகியை, இந்த மனுஷனை. பாவி, முதல் குற்றவாளி இங்கேதானே உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். ஆறு பனியனையும் அவன் கையிலிருந்து பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

கடிதத்தை அவள் சொல்லச் சொல்லத் துலுக்கானம் எழுதினான். அவளுக்கு எழுத்து வராது. "டேய் வேம்புலி, பனியன் போடாத. வெறும் மேல்ல இந்தச் சட்டையப் போடு. அக்காதான் சொல்றேன். அப்ப சொன்னது தப்பு." தப்பு என்ற வார்த்தைக்குக் கீழே ஒரு கோடு போடச் சொன்னாள். துலுக்கானம் இரண்டு கோடு போட்டான்.

மாசி மாதம் பதில் வந்தது. துலுக்கானம் படித்துக் காட்டினான். "அக்கா, இந்தக் குளிர்ல ஆஸ்பத்திரி பக்கமே போவல. வேர்த்தாலும் நெஞ்சு காஞ்சே கீது. உன் சட்டைய இங்க எல்லாரும் கேக்கறாங்க, நான் தர்ல. ஆனா அடுத்த பார்சல்ல ஒரு பனியன் வையி. போட்டுக்க மாட்டேன், சத்தியமா. தலைகாணிக்கு அடியில வச்சிக்கறதுக்கு. புதுசு வோணாம், ஊட்டுல தொவச்சி வெயில்ல காயவச்சதா பாத்து வையி."

"இவனுக்கு அறிவு கீதாய்யா?" என்று கத்தினாள் கன்னியம்மாள். "முப்பது வயசு ஆவுது! பட்டாளத்துக்காரனாம்! தலைகாணிக்கு அடில பனியனாம்!" கத்திக்கொண்டே, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே, பெட்டியிலிருந்து அந்த ஆறில் ஒன்றை எடுத்துத் துவைக்கப் போனாள்.