ஒரே தண்ணீர், இரண்டு மோட்டார்

மாதேசன் போய்விட்டார் என்று முந்தாநாள் காலையில் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அவரை அறிந்த உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? இனி நிலத்தடி நீர் என்றால் என்னைத்தான் கேட்பார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அழுகை பிறகுதான் வந்தது.

மைசூர் நிலத்தடி நீர் அலுவலகத்தில் இருபது வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. நான் ரயில்வே குடும்பத்துப் பிள்ளை, இங்கேயே படித்தவன், பதவியிலும் மூத்தவன். அவர் மார்டள்ளி கிராமத்துக்காரர். மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று நான் கேட்டால், போர்வெல்லுக்குத் தடை போட வந்திருக்கிறான் என்று விவசாயிகள் மழுப்புவார்கள். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டுவார்கள். “மொதல்ல அவங்க பயம் போகட்டுமுங்க சார், கணக்கு அப்புறம் தானா வரும்” என்பார். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நஞ்சன்கூடு பக்கம் ஒரு கிராமத்துக்கு நீர்ச் சமநிலைக் கணக்கு போட்டேன். மழையிலும் வாய்க்காலிலும் நிலத்துக்குள் இறங்கிய தண்ணீரிலிருந்து மோட்டார்கள் இறைத்ததைக் கழித்தால், நீர்மட்டம் ஏறியதா இறங்கியதா என்று தெரிந்துவிடும். யாரையும் கேட்காமல், மின் இணைப்புப் பட்டியலைப் பார்த்து மோட்டார்களை எண்ணினேன். கணக்கில் மட்டம் மளமளவென்று இறங்கியது. கண்காணிப்புக் கிணற்றில் அளவு நாடாவை விட்டுப் பார்த்தால் அவ்வளவு இல்லை. நாடா பிடித்தவரைத் திட்டினேன். அறிக்கை அப்படியே போயிருந்தால் அந்த ஊரில் யாரும் புதிதாகப் போர் போட முடியாமல் போயிருக்கும்.

மாதேசன் பஸ் பிடித்துப் போய் ஒரு பகல் முழுக்க அங்கே சுற்றிவிட்டு வந்தார். போரில் கொஞ்சம் கொஞ்சமாக வருவதைப் பழைய கிணற்றில் விட்டுச் சேர்த்து, இன்னொரு மோட்டாரால் வயலுக்கு இறைக்கிறார்களாம்.

“ரெண்டு மோட்டாரும் ஒரே தண்ணியத்தானுங்க சார் எடுக்குது. நாம ரெண்டு தடவ கழிச்சிட்டோம்” என்றார்.

கழித்தது நான். ‘நாம’ என்றது அவர். அந்தப் பெருந்தன்மையை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

திருத்திய கணக்கு என் பெயரிலேயே போனது. கூட்டத்தில் பாராட்டினார்கள், வாங்கிக்கொண்டேன்.

நேற்று துக்கம் கேட்கப் போன இடத்தில் அந்த நஞ்சன்கூடு பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரைக் காப்பாற்றியது நான்தான் என்று மாதேசனே அவரிடம் சொல்லியிருந்தாராம். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது எழுதுகிறேன். அந்தக் கணக்கு மாதேசனுடையது. அந்த ஊரில் எனக்கு இருக்கும் நல்ல பெயரும் அவர் கொடுத்தது. அவர்மேல் உள்ள பொறாமை ஒன்றுதான் என் சொந்தச் சம்பாத்தியம். அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.