பூட்டிய வீடுகளை விட்டுவிட்டு

அரசாங்கத் திட்டங்களை மதிப்பிடுகிற தொழில் என்பது, பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு போய், "சாம்பாரில் உப்பு சரியாக இருந்ததா?" என்று சமையல்காரரையே கேட்கிற வேலை.

பொது நிர்வாகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு, தொண்ணூறுகளில் அடையாற்றில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் நான் பார்த்த உத்தியோகம் அதுதான். அறிக்கை எழுதி வயிறு வளர்க்கும் சக பாவிகளே, உங்களுக்கும் இதெல்லாம் நடந்திருக்கும். நடந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பீர்கள். எனக்கு வயிறு எரிகிறது, அதனால் கொட்டிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். ஆற்றங்கரைக் குடிசைகளில் பாதிக் குடும்பங்களை வேளச்சேரிக்கும் அப்பால் கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்குக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். மீதிப் பேரையும் அனுப்பலாமா, வேண்டாமா? எங்கள் மதிப்பீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம் என்றார்கள். நானும் நம்பினேன்.

ஜீப் சவாரி

எந்தத் துறையை மதிப்பிடுகிறோமோ அந்தத் துறையே ஜீப் அனுப்பும். இது எங்கள் தொழிலின் சம்பிரதாயம். மாப்பிள்ளை வீட்டு வண்டியில் போய் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கிற மாதிரி. அந்த அடுக்குமாடி வாசலில் நாங்கள் போய் இறங்கியபோது சுண்ணாம்பு வாசனை மூக்கைத் துளைத்தது. குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் அதை அதிசயமாகப் பார்த்த பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

எங்களோடு வந்த துறைப் பொறியாளர் தங்கமான மனுஷர். தி. நகர் ஹோட்டலிலிருந்து சாப்பாடு வரவழைத்திருந்தார், அப்பளம்கூட நமுக்காமல். தண்ணீர் தினமும் இப்படி வருமா என்று கேட்டேன். அவர் என் இலையில் இன்னும் கொஞ்சம் பாயசம் விடச் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்:

"எங்க ஜீப்புல வந்து, எங்க சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு, எங்களையே குறை சொல்ல மாட்டீங்கன்னு ஒரு நம்பிக்கைதான், மேடம்."

எல்லாருக்கும் திருப்தி

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் பொறுப்பு ரகுவுடையது. எங்கள் நிறுவனத்துப் பையன், கெட்டிக்காரன், பொய் சொல்லத் தெரியாதவன். அவன் கொண்டுவந்த பதில்களைப் படித்தால் சொர்க்கத்தில் எடுத்த பேட்டி மாதிரி இருந்தது. வீடு பிடித்திருக்கிறதா? பிடித்திருக்கிறது. ஏதாவது குறை? ஒன்றுமில்லை. ஒரு கல்யாண வீட்டில்கூட இத்தனை பேர் ஒரே மாதிரி திருப்திப்பட்டு நான் பார்த்ததில்லை.

சந்தேகம் வந்து, நானே ஒருநாள் பஸ் பிடித்துப் போனேன். மாடிப்படி ஏறினால், வரிசையாகப் பூட்டு. சாயங்காலம் வரை காத்திருந்தேன், இருட்டியும் ஒருத்தரும் வரவில்லை. மறுநாள் ரகுவைப் பிடித்து உலுக்கினேன். பூட்டியிருந்தால் அதை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. நானே பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. அதைத்தான் அவனும் செய்திருந்தான். ஆக, அங்கே இருக்க முடிந்தவர்களை மட்டும் தேடிப் பிடித்து, இருக்க முடிகிறதா என்று கேட்டிருக்கிறோம்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவன் பாவம், முழித்தான்:

"பூட்டுகிட்ட எப்படி மேடம் கேள்வி கேக்கறது?"

கோலம்

பூட்டிய வீட்டுக்காரர்கள் எங்கே? தேடவே வேண்டியிருக்கவில்லை. ஆற்றங்கரையில் மிச்சமிருந்த குடிசைகளில் அக்கா வீடு, மாமியார் வீடு என்று ஒண்டிக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரியை அங்கேதான் பார்த்தேன். அக்கா அமுதாவின் குடிசையில் இருந்தாள். டீ போட்டுக் கொடுத்தார்கள். மயிலாப்பூரில் நாலு வீட்டில் வேலை செய்தவள் கஸ்தூரி. எங்கள் மயிலாப்பூர் மாமிகளை எனக்குத் தெரியாதா? விடியுமுன் வாசல் தெளித்துக் கோலம் போட்டாக வேண்டும். புது வீட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து இவள் வந்து இறங்கும்போது ஊரே காபி குடித்து முடித்திருக்கும். ஒரே வாரத்தில் நாலு வீடும் போயிற்று.

அமுதாவின் கவலை வேறு. அவள் பெண் பத்தாவது படிக்கிறாள், மார்ச்சில் பரீட்சை. அதற்குள் குடிசைக்காரர்களை ஏற்றிப்போக லாரி வந்துவிட்டால் பள்ளிக்கூடம் அவ்வளவுதான். நான் எழுதினால் நிறுத்துவார்களா என்று கேட்டாள். கட்டாயம் எழுதுகிறேன் என்றேன். கஸ்தூரி நடுவில் புகுந்து ஆத்திரத்தோடு சொன்னாள்:

"ஊடு குடுத்தாங்க, வோணான்னு சொல்லல. வேல இல்லாம அந்த ஊட்ட வச்சிகினு இன்னாத்த துன்றது?"

கருத்துக் கேட்பு

எழுதினேன். முதல் பக்கத்தில், முதல் வரியில்: பூட்டிய வீட்டுக்காரர்களுக்கு வேலைக்குப் போக வழி செய்யும்வரை இன்னொரு குடும்பத்தையும் அனுப்பக் கூடாது.

ஆனால் எங்கள் தொழிலில் இன்னொரு சம்பிரதாயம் உண்டு. இறுதி செய்யுமுன் வரைவை அந்தத் துறைக்கே அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். கேட்டோம். பொறியாளர் வந்தார், இந்தத் தடவை முகத்தில் பாயசம் இல்லை. பூட்டிய வீடுகள் ஆய்வு வரம்புக்குள் வராது என்றார். எங்கள் இயக்குநர் ஐயா தலையை ஆட்டினார். நான் கத்தினேன். மேஜையைத் தட்டினேன். என் பெயரை அறிக்கையின் அட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். அதற்கு மட்டும் உடனே சம்மதித்தார்கள். என் வரி முதல் பக்கத்திலிருந்து நடுவுக்குப் போய், அங்கிருந்து பின்னிணைப்புக்குப் போய், "பயணத்தில் சில சிரமங்கள் உள்ளன" என்று இளைத்துத் தேய்ந்து நின்றது. முதல் பக்கத்தில் ரகுவின் சொர்க்கம். இயக்குநர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சமாதானம் சொன்னார்:

"கடைசிப் பக்கத்துல இருக்கேம்மா, எடுத்துடலையே."

லாரி

பிப்ரவரியில் லாரிகள் வந்தன. சேதி கேட்டு ஆட்டோ பிடித்து ஓடினேன். ஓடி என்ன பண்ண? பொறியாளர் ஒலிபெருக்கியில் ஜனங்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். படித்தவர்கள் ஆராய்ச்சி செய்து பார்த்துவிட்டார்களாம், போனவர்கள் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்களாம். பொய் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அறிக்கையில் அப்படித்தானே இருக்கிறது என்றார் நிதானமாக. அந்த நிதானத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கஸ்தூரி பாத்திரங்களை ஏற்றிக்கொண்டிருந்தாள், என் பக்கம் திரும்பவே இல்லை. அமுதாவின் பெண் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். நான் அமுதாவிடம் போய், அந்தப் பெண்ணைப் பரீட்சை வரை என் வீட்டில் விடச் சொன்னேன். வயசுப் பெண்ணை ஊரார் வீட்டில் விடுவதா என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். நான் எழுதினேன், அவர்கள் மாற்றிவிட்டார்கள் என்று ஏதேதோ சொன்னேன். முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, லாரியின் பின்பலகையைப் பிடித்து ஏறிக்கொண்டே சொன்னாள்:

"இன்னாம்மா, எங்களாண்ட வந்து அவ்ளோ நேரம் கேட்டு நீ எயுதிக் குடுத்தது இந்த லாரியத்தானா?"

அடுத்த வருஷம் அந்த இரண்டாவது குடியேற்றத்தை மதிப்பிடும் வேலையும் எங்கள் நிறுவனத்துக்கே வந்தது. இத்தனை பேர் பிழைப்பைப் பறித்த அந்தத் திட்டத்தால் நிரந்தர வேலை கிடைத்தவர்கள் யாராவது உண்டென்றால், அது எங்களைப் போன்ற மதிப்பீட்டாளர்கள்தான்.