வெர்னா வாங்கிய பிஸ்டல்

கென்டக்கியில் எங்கள் ஊர்ப் பள்ளிச் சமையலறையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள் வெர்னா டாக்கெட். நானும் அவளோடு அதே அடுப்படியில் நின்றவள்தான். ஓய்வு பெற்ற மறுவாரமே, "சனிக்கிழமை இரும்புத்தட்டுப் போட்டில நானும் சுடப்போறேன்டி" என்றாள். வரிசையாக நிற்கும் ஆறு இரும்புத் தட்டுகளைத் துப்பாக்கியால் சுட்டுச் சாய்க்கிற போட்டி அது. எனக்குச் சிரிப்பு வந்தது. விரல் மூட்டெல்லாம் வீங்கி, ஊறுகாய் பாட்டில் திறக்கக்கூட என்னைக் கூப்பிடுகிறவள் அவள்.

இருவரும் துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கடைக்காரன் டுவைட், அவள் பரிமாறிய சாப்பாட்டில் வளர்ந்தவன். உள்ளங்கையில் அடங்குகிற புத்தம்புது பிஸ்டல் ஒன்றை எடுத்து வைத்தான்.

"சின்ன கைக்குச் சின்னதுதான் சரி, வெர்னாம்மா."

மேலிருக்கும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்தால்தான் முதல் தோட்டா உள்ளே ஏறும். வெர்னா இழுத்தாள். அசையவில்லை. மறுபடி இழுத்தாள். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"ஸ்லைடே இல்லாத ரிவால்வர் பாக்கலாமா?" என்றான் டுவைட், பாவப்பட்டு.

"உன் பரிதாபத்தை நீயே வச்சுக்கடா. அந்த மூலைல கெடக்கே, அது என்ன?"

"போலீஸ்காரங்க புதுசு வாங்கிக்கிட்டு மாத்திக் குடுத்துட்டுப் போன பழைய பிஸ்டல். உங்களுக்கு ரொம்பப் பெருசும்மா."

அதைக் கேட்டுக் கையில் எடுத்துப் பார்த்தாள். இடது கையால் ஸ்லைடை இறுகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பிடியை முன்னே தள்ளினாள். வழுக்கிக்கொண்டு வந்தது! சின்னதில் ஸ்பிரிங் விறைப்பு, பெரியதில் இளக்கம். டுவைட்டுக்கு இது தெரியாததல்ல, அவள் கையின் அளவை மட்டும் பார்த்து யோசித்துவிட்டான்.

அப்போதும் அவள் வாங்கிவிடவில்லை. பின்கட்டில் சுடுமிடம் இருந்தது. இரண்டிலும் ஐம்பது ஐம்பது தோட்டா சுட்டுப் பார்த்தாள். சின்னதுக்கு டுவைட்தான் ஸ்லைடை இழுத்துக்கொடுத்தான். அது கையை உதைத்துத் தள்ளியது. கனத்த பழசோ அடங்கிச் சுட்டது, ஒருமுறைகூடத் தோட்டா சிக்கவில்லை. விலையும் புதுசில் பாதி.

"இதையே கட்டு."

முதல் போட்டியில் கடைசி இடம். "தட்டு பத்திரமா இருக்கு, வெர்னா!" என்று ஆண்கள் கிண்டலடித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த சனிக்கிழமையும் போனாள். அக்டோபரில் ஒரு சுற்றில் ஆறு தட்டையும் வரிசையாகச் சாய்த்தாள். நான் கத்திய கத்தலில் என் தொண்டை கட்டிக்கொண்டது.

அடுத்த மாதம் லெக்சிங்டனில் பெரிய போட்டி. அவள் பெயர் கொடுத்துவிட்டாள். வண்டி ஓட்டப்போவது நான்.