சாந்தினியின் வாயில் இருந்த இரும்பு

பல்லில் கம்பி முறுக்கிய நாட்களில் எனக்கு இட்லிகூட வலிக்கும். நாக்கு எந்தப் பக்கம் புரண்டாலும் இரும்பும் ரத்தத்தின் உப்பும் கலந்த ஒரு சுவை. அப்பாவுக்கு ஹைதராபாத்தில் கணினி வேலை கிடைத்து, திருநெல்வேலியிலிருந்து வந்து சைனிக்புரியில் குடியேறியிருந்தோம். எட்டாம் வகுப்பு முடிவதற்குள் பல்லில் "கிளிப்பு", வாரத்தில் மூன்று நாள் குதிரையேற்றம் என்று இரண்டு ஆடம்பரங்கள் எனக்கு வாய்த்துவிட்டன.

பயிற்சி மைதானத்தை நடத்தியவர் பட்டாளத்தில் குதிரைகளோடு இருந்து ஓய்வு பெற்றவர், மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் வாழும் தமிழர். எல்லோருக்கும் அவர் "மாஸ்டர்". "வாயில இரும்பு இல்லேன்னா குதிரைக்கு நீ யாருன்னே தெரியாது, பேட்டா" என்பதுதான் அவருடைய முதல் பாடம், கடைசிப் பாடமும் அதுவே.

போட்டிக்கு முன் நடுவர்களில் ஒருவர் வந்து, பட்டை தளர்வாக இருக்கிறதா என்று குதிரையின் மூக்குப்பட்டைக்கு அடியில் இரண்டு விரலை நுழைத்துப் பார்ப்பார்; நுழைந்தால்தான் களத்துக்குள் விடுவார். அவர் அடுத்த குதிரைக்கு நகர்ந்ததும் நாங்கள் பட்டையை இரண்டு துளை இறுக்கிவிடுவோம், குதிரை வாயைத் திறந்து இரும்பிலிருந்து தப்பாமலிருக்க. இதற்கு எங்களிடையே "மூடி போடறது" என்று பெயர். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் மூடி போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பெருமை வேறு.

பல் டாக்டர் கம்பியை முறுக்கி அனுப்பிய ஒரு நாள் மாலை, நான் ஓட்டும் சாம்பல் நிறச் சாந்தினியின் கடிவாளத்தைக் கழற்றும்போது எச்சில் சிவப்பாக வழிந்தது. வாயோரம் கிழிந்திருந்தது; நாக்கில் இரும்பு பதிந்த நீலத் தடம். பட்டையை இறுக்கியது என் கைதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் முதல் பங்கு எனக்கே.

தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, ஒரு பழைய மூக்குப்பட்டையின் உள்ளே கம்பளி வைத்துத் தைத்து, இரு பக்கமும் வளையம் பொருத்தி வாங்கி, அதில் லகானைப் பூட்டினேன். வாய்க்குள் எதுவும் கிடையாது. பத்து நாள் காலையில் அதோடு பழகினோம். நகர அணிக்கு ஆள் எடுக்கும் போட்டிக்கு முந்தைய நாள்தான் மாஸ்டர் வாயைத் திறந்தார்.

"நக்கோ, வேணாம். மாட்டுத் தும்பு மாதிரி இருக்கு. நிறுத்தச் சொன்னா நிக்குமா இது?"

"தாண்டுற போட்டியில இரும்பு கட்டாயம்னு ரூல் புக்ல இல்ல மாஸ்டர்."

"நீ விழுந்தா ரூல் புக்கா வந்து தூக்கும்? கைக்கு, எதுக்கு இந்தப் பிடிவாதம்? தடையில கம்பு விழுந்தா டீம்ல இடமில்ல, சொல்லிட்டேன்."

அந்த அணியில் இடம் பிடிக்கத்தான் ஒரு வருடமாக விடுமுறை நாளெல்லாம் மைதானத்தில் கிடந்தேன். வீட்டுக்கு வந்தால் அம்மாவும், "ஏட்டி, எல்லாரும் ஒரு மாதிரி கட்டுதாவ, நீ மட்டும் ஏம்ட்டி மாத்திக் கட்டுத?" என்றாள். நான் வாயைப் பிளந்து கம்பியைக் காட்டினேன். "இதுல வாரைக் கட்டி இழுத்தா நீ சும்மா இருப்பியாம்மா?" அம்மா இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து என் பக்கம் தள்ளினாள்.

மறுநாள் விரல் விட்டுப் பார்க்க வந்தவர் சாந்தினியின் வாயை இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே விட்டார். எட்டுத் தடைகள். வளைவுகளில் இரும்பில்லாமல் அவளை நெருக்கித் திருப்புவது எனக்கு இன்னும் கைவரவில்லை. இரண்டு கம்புகள் விழுந்தன. கடைசித் தடையைத் தாண்டி ஓடிவந்தவளிடம், மாஸ்டர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேரே, லகானைத் தளர்த்தி "ஹோ" என்றேன். நின்றாள். வாய் மூடியிருந்தது, யாரும் மூடி போடாமலே.

"ஹவ், ஆமா, நின்னுடுச்சு. ஆனா ரெண்டு கம்பு" என்றார் மாஸ்டர். பட்டியலில் என் பெயர் இல்லை. அன்று இரவு அழுதேன், மறைப்பானேன்; ஆனால் மறுநாளும் அதே கம்பளிப் பட்டையோடுதான் போனேன்.

இன்று அந்த மைதானத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது, லாயம் இருந்த இடத்தில் கார்கள். சாந்தினி போய்விட்டாள், மாஸ்டரும் போய்விட்டார். அன்று அணியில் இடம் பெற்ற தோழி மட்டும் சந்திக்கும்போதெல்லாம் கேட்கிறாள், "அந்த ஒரு நாள் இரும்பைப் போட்டிருந்தா ஜெயிச்சிருப்பல்ல?" என்று.

ஜெயித்திருப்பேன். தெரிந்துதான் கழற்றினேன்.