போட்டு வாறன்

மயிலாப்பூரில் நான் குடியிருக்கும் வீட்டின் கொல்லைப்புறத்தில் மாலையானால் எனக்காக ஒரு வாளித் தண்ணீர் காத்திருக்கும். "இன்னிக்கும் சாவாத்துக்கா போனேள்?" என்று வீட்டுக்கார மாமி ஜன்னல் வழியே கேட்பார். மரண வீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகுவது யாழ்ப்பாணத்திலும் உள்ள வழக்கந்தான். ஆனால் அங்கே அது எப்போதோ ஒருநாள். இங்கே எனக்கு அதுவே உத்தியோகம் என்பதால் வருடம் முழுக்கச் சளி. பிழைக்கமாட்டார்கள் என்று தெரிந்தவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு ஹாஸ்பிஸில் வேலை. அவர்கள் போனபிறகும் வீட்டாரைப் போய்ப் பார்த்து, பேசவிட்டுக் கேட்பேன்.

சிந்தாதிரிப்பேட்டையில் பைண்டிங் வேலை செய்த ஒருவர் நோயில் கிடந்தபோது வாராவாரம் போனேன். கிளம்பும்போதெல்லாம் "போட்டு வாறன் அக்கா" என்பேன். அவர் மனைவி செல்வி, "இன்னா பாஷைமா இது!" என்று சிரிப்பார். அவர் இறந்து காரியம் முடிந்த அன்றும் போனேன். வீடு நிறைய உறவு. புறப்படும்போது பழக்கதோஷத்தில் அதே சொல் வாயில் வந்துவிட்டது. செல்வியின் நாத்தனார் பாய்ந்தார்.

"எழவு வூட்ல போய்ட்டு வரேன்னா சொல்றே? இன்னொண்ணு வுழணுமா?"

மரண வீட்டில் சொல்லாமல்தான் கிளம்பவேண்டும் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் ஊரிலும் அப்படித்தான். வெட்கத்தில் பேருந்தில் வழி முழுக்கத் தலைகுனிந்தே வந்தேன்.

ஊரைவிட்டு வரும்போது வாசல் படலையில் நின்ற அம்மாவிடமும் இதே சொல்லைச் சொல்லித்தான் புறப்பட்டேன். திரும்பிப் போகப் பயணப் பத்திரங்கள் என் கைக்கு வருமுன் அம்மா போய்விட்டார். என்னிடம் துக்கம் கேட்க இந்த நகரத்தில் ஒருவரும் வரவில்லை. ஊரார் துக்கத்தையெல்லாம் கேட்கிறவளுக்கு மாமி மட்டும், "தூரத்துச் சாவானாலும் முழுகணும்" என்று வாளியை நிரப்பிவைத்தார். முழுகினேன். தண்ணீரோடு தண்ணீராக அழுதேன்.

அந்தக் காரியத்துக்கு அடுத்த மாதம் பயந்துகொண்டேதான் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனேன். செல்வி தனியாக இருந்தார். மூலையில் கணவரின் பசை டப்பா காய்ந்து கிடந்தது. "அண்டைக்கு நான் சொன்னது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றேன்.

"அத்த வுடு. அன்னிக்கு எம்மாம் ஜனம்! அல்லாம் சொல்லாம கொள்ளாம போச்சு. அப்பால ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நீ ஒருத்திதான் வரேன்னு சொன்னே. அத்தயே நெனச்சிக்கினு இருந்தேன்."

தேநீர் குடித்தோம். அவர் பேசினார், நான் கேட்டேன். பிறகு புத்தியாக வாயை மூடிக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

"இன்னா, சொல்லாமயே கெளம்பிட்டே?"

"போட்டு வாறன் அக்கா."

நான் தெருமுனை திரும்பும்வரை அவர் வாசலிலேயே நின்றார். அம்மாவும் அப்படித்தான், படலையைப் பிடித்தபடி நின்றார். ஒரே சொல்லை இரண்டு வாசலில் கொடுத்திருக்கிறேன். ஒன்றைத்தான் காப்பாற்ற முடிகிறது.