சட்டையைப் பிடித்து இழுத்தவர்

கம்போங் ராஜா ஊரைத் தாண்டி, தேயிலைத் தோட்டத்து லைன் வீடு ஒன்றின் வாசலில் நானும் என் மனைவியும் நிற்கிறோம். மதியமே பனி இறங்கிவிட்டது. கதவைத் திறக்கும் முருகையாவுக்கு என்னை உடனே அடையாளம் தெரிகிறது; உள்ளே அழைத்து உட்காரவைக்கிறார்.

போன மழைக்காலத்தில் குவாந்தான் பக்கம், கடல் கொந்தளிக்கும்போதே அலைத்தடுப்புச் சுவரின் விளிம்பில் நின்று தூண்டில் போட்டேன். ஓர் அலை என்னை வாரிக்கொண்டு போனது. குடும்பத்தோடு கடல் பார்க்க வந்திருந்த முருகையாதான் தன் ஐஸ் பெட்டியை எறிந்தார். மீன்பிடிப் படகு வரும்வரை அதைக் கட்டிக்கொண்டு மிதந்தேன். அவருக்கு நன்றி சொல்லத்தான் இந்த மலைக்கு வந்திருக்கிறேன்.

“எனக்கு எதுக்குண்ணே நன்றி? நான் குதிக்கத்தான் போனேன். இவதான் சட்டையப் புடிச்சு இழுத்துட்டா லா,” என்று சிரிக்கிறார்.

அவர் மனைவி கலா தேநீரோடு வருகிறார். “குதிச்சிருந்தா ரெண்டு பேரும் போயிருப்பீங்க. பெட்டி மிதக்கும்ல? அதான் தூக்கிப் போடச் சொன்னேன்.”

இத்தனை மாதமும் நான் கலாவை நினைத்ததே இல்லை.

“இனிமே கடல் பொங்குற நாள்ல சுவர் பக்கமே போக மாட்டேன்மா,” என்கிறேன்.

என் மனைவி எழுந்துபோய்க் கலாவின் கைகளைப் பிடித்துக்கொள்கிறாள்.

“ஒக்காருங்கக்கா,” என்கிறார் கலா. “சோறு ஆக்கிட்டேன். சாப்புட்டுட்டுப் போலாம்.”