வெள்ளைத் துணி போட்ட படம்

போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். நாங்கள் குடியேறியிருந்த, ஜெர்மன் பேசும் வில் என்னும் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் எனக்கு மூன்றாம் வகுப்பு. எங்களுக்கு நாடகம் பழக்க ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். அந்த நாட்டின் ஆதிக்குடியைச் சேர்ந்தவர். பெற்றோர் காட்டில் விட்டுவிட்டு வந்த பிள்ளைகளின் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகள் வழிக்குப் போட்ட ரொட்டித் துண்டுகளைப் பறவைகள் தின்று முடித்த இடத்தில், தன் அத்தைமார் சொல்ல அனுமதித்த கதையை அவர் இணைத்தார். அதில், நடந்து நடந்தே நிலத்தை உண்டாக்கிய முன்னோர் பாட்டாலே வழி காட்டுவார்கள்.

மேடையில் காடு என்பது, அட்டை மரங்களில் நாங்கள் தொங்கவிடும் குடும்பப் படங்கள்தான். அவருடைய ஊர் வழக்கப்படி இறந்தவரின் படத்தைத் துணியால் மூட வேண்டும். அப்படி மூடும் பிள்ளைகள் பாடிக்கொண்டு முன்னால் நடப்பார்கள். மற்றவர்கள் பற்றைப் புதர்களாகக் குந்தியிருக்க வேண்டும். பற்றையாக இருக்க நான் பிறக்கவில்லை என்பது என் எண்ணம். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். என் ஆசைக்குப் பயமும் தெரியவில்லை.

குடும்பப் பட அல்பத்திலிருந்து மாமாவின் படத்தை எடுத்துப் போனேன். அம்மாவின் ஒரே தம்பி. வன்னியில் போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். அம்மா சுவரில் மாட்டியிருந்த அவருடைய படத்துக்கு மாலை போட யாரையும் விடவில்லை. தேடித் தருவோம் என்ற இடங்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் இவர் உயிரோடு இருக்கிறாரா என்று அந்தப் பெண்மணி கேட்டபோது, இல்லையென்று தலையாட்டினேன். அவர் என் தோளைத் தொட்டு, வெள்ளைத் துணியொன்றை என் கையில் தந்தார்.

நாடகத்தன்று சபைக்கு முன்னால் படத்தைத் தொங்கவிட்டு மூடினேன். அம்மாவின் ஜெர்மன் அரைகுறைதான். ஆனால் வெள்ளைத் துணியை எங்கள் ஆட்களுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அம்மா மேடையில் ஏறி வந்து துணியை இழுத்தெடுத்தார்.

"என்ர தம்பி உயிரோட இருக்கிறான். ஏன் பிள்ளை துணி போட்டனி?"

மெதுவாகத்தான் கேட்டார். பாட்டு நின்றுபோயிற்று. அந்தப் பெண்மணி தலைகுனிந்து நின்றார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

பிறகு அப்பா என்னை பிள்ளைகளின் குளிர் ஜாக்கெட்டுகள் தொங்கும் நடைக்குக் கூட்டிப்போனார். அடி விழப்போகிறது என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டேன். அவர் என் முன்னால் குந்தினார். முகம் வெளிறியிருந்தது.

"உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை அப்பா. முன்னுக்குப் போக ஆசையிலை பொய் சொன்னனான்."

அப்பா என் ஜாக்கெட்டை எடுத்து மாட்டிவிட்டார். "சரி. அம்மாவுக்கு முன்னாலை இனி இதைக் கதைக்காதை" என்றார். ஏன் செய்தாய் என்று கேட்கவேயில்லை. அடி விழாமல் தப்பிய கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த கிழமை அம்மா இன்னொரு கடிதம் எழுதினார். அப்பா முத்திரை ஒட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு போய் அதைத் தபாலில் போட்டார். மாமா செத்த செய்தி ஆனி மாதமே அப்பாவுக்கு வந்துவிட்டிருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.